ஆத்தா இருக்கிற வீட்டில் மாத்திரை

இலங்கையின் பதுளையில் என்னை முதலில் திடுக்கிட வைத்தது ஒரு கிளாஸ் தேநீர். தேயிலை விளைகிற ஊருக்கே போகிறோம், பத்து நாளும் குடித்துத் தீர்த்துவிட வேண்டியதுதான் என்று திருச்சியிலிருந்து கிளம்பும்போதே நாக்கைத் தயார்படுத்தி வைத்திருந்தேன். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு முஸ்லிம் கடை. எல்லோரும் கடைக்காரரை நானா என்று கூப்பிட்டார்கள், நானும் கூப்பிட்டேன். அவர் கொடுத்ததில் சீனியைத் தவிர வேறு ருசியே இல்லை. நல்ல தூளே கிடையாதா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"நல்லதெல்லாம் கப்பல் ஏறிப் போயிரும் தங்கச்சி. இங்க மிஞ்சுறது கூட்டி அள்ளினது," என்றார், கோபமே இல்லாமல்.

அதற்கு முன்பே ஒரு கூத்து நடந்திருந்தது. மண் சரிந்துவிட்டது என்று ரயிலை பண்டாரவளையிலேயே நிறுத்திவிட்டார்கள். பெட்டியைத் தலையில் வைக்காத குறையாக பஸ்ஸுக்கு ஓடினேன். அந்த பஸ் எல்ல என்கிற ஊர் வழியாகப் போனது. தெரு முழுக்க வெள்ளைக்காரர்கள், வெறும் காலும் முதுகுப்பையுமாக. சாலைக்கு மேலே சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களை ஒருவன் படம் எடுத்தான். ஒரு பெண் பறிப்பதை நிறுத்தாமலே அவனைப் பார்த்துச் சிரித்து, அவன் திரும்பியதும் முகத்தைச் சாதாரணமாக்கிக்கொண்டாள். எங்கள் ஊரில் யாராவது என்னை வேலை நேரத்தில் இப்படிப் படம் எடுத்தால் செருப்பு பறந்திருக்கும்.

நான் வந்தது ஒரு காகிதத்துக்காக. என் அம்மா பிறந்தது மடுல்சீமையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். சின்ன வயதிலேயே குடும்பத்தில் பாதியை இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். அம்மா வந்துவிட்டாள், அவள் தங்கை அங்கேயே நின்றுவிட்டாள். அம்மா காலமான பிறகு வீட்டுப் பத்திர விஷயமாக அவள் பிறப்புப் பதிவின் நகல் தேவைப்பட்டது. கடிதம் போட்டுப் போட்டு அலுத்து, நேரிலேயே போய்விடலாம் என்று கிளம்பிவிட்டேன். சித்தியையும் சித்தி மகள் ராஜேஸ்வரியையும் போனில்தான் தெரியும். ராஜி என்னைவிடப் பதிமூன்று வயது இளையவள், கொழுந்து பறிக்கிறாள். புருஷன் இறந்து ஆறேழு வருடமாகிறது. இரண்டு பிள்ளைகள்.

மடுல்சீமைக்குப் போகும் பாதையைப் பாதை என்று சொல்வது பெரிய மனது. பஸ்ஸில் என் பக்கத்திலிருந்தவர் ஒவ்வொரு திருப்பத்திலும் என் மடியில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டார். இறங்கியபோது இடுப்பு எனக்குச் சொந்தமாக இல்லை.

லயம் என்று அம்மா சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு குடும்பம். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, அதாவது ஒரே ஓர் அறை, முன்னால் ஒரு துண்டு வாசல். நடுச்சுவர் கூரை வரைக்கும் போகவில்லை. அடுத்த வீட்டு வானொலியும் இருமலும் சுவருக்கு மேலாக வந்து விழுந்தன. தண்ணீர்க் குழாய் லயத்துக்குப் பின்னால், பன்னிரண்டு வீட்டுக்கும் ஒன்று. வெள்ளைக்காரன் கட்டியதை இன்றைக்கும் அப்படியே வைத்திருக்கிறார்கள் என்று எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது என்று தெரியாமல் பெட்டியின்மேல் காட்டினேன். அதன் கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. ராஜியின் மகனுக்கு அம்மை போட்டு, அவனுக்குத் தண்ணீர் ஊற்ற நாள் பார்த்திருந்தபோதே மகளுக்கும் போட்டுவிட்டதாம். அதனால் வேப்பிலை இறங்கவே இல்லை. அந்தக் குளிரில் வேப்பமரம் வளர்வதில்லை. பிபிலைப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வரும் யாரிடமாவது சொல்லி வைத்து எடுப்பிக்கிறார்கள். சித்தி என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றி உள்ளே விட்டார். அறுபதைத் தாண்டியும் இன்னும் கைக்காசு என்கிற அன்றாடக் கூலிக்கு மலை ஏறிக் கொழுந்தெடுக்கிறவர். ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். அந்தக் கால் பெருவிரலில் துணி சுற்றியிருந்தது. என்ன என்று கேட்டதற்கு அட்டை கடித்தது என்றார். எனக்கு அட்டை என்றாலே குலை நடுங்கும். அதற்குமேல் கேட்காமல் என் காலைத்தான் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

உட்கார்ந்ததும் சித்தி சொன்ன முதல் விஷயம் இது.

"மாத்திரை கீத்திரை கொண்டாந்திருந்தா பையிலயே கெடக்கட்டும். ஆத்தா எறங்குற வரைக்கும் இந்த வீட்டுல ஒருத்தரும் மருந்து தொடுறதில்ல."

அம்மை கண்டவருக்கு மருந்து கொடுக்கமாட்டார்கள் என்று தெரியும். எங்கள் தெருவிலும் அப்படித்தான். ஆனால் வீட்டிலிருக்கும் எல்லோருக்குமே மருந்து கூடாது என்பது எனக்குப் புதிது. எனக்குப் பிரஷர், காலையிலும் மாலையிலும் ஒரு மாத்திரை. இருபத்திரண்டு வருடமாகத் திருச்சியில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் பார்க்கிற வேலை. மருந்தை நிறுத்தினால் என்ன ஆகும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் நான். ஆனால் வந்த அன்றைக்கே சண்டையா? "சரி சித்தி" என்று பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினேன். தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்த ராஜி என் முகத்தையே ரொம்ப நேரம் பார்த்தாள். பாசத்தில் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் பல் விளக்கப் போகிற சாக்கில் குழாயடிக்குப் போய், யாரும் இல்லையென்று பார்த்து, மாத்திரையை வாயில் போட்டுக் கையால் தண்ணீர் பிடித்து முழுங்கினேன். சின்ன வயதில் மாங்காய் திருடித் தின்ற சந்தோஷம்கூட இருந்தது. அன்றிலிருந்து இரண்டு வேளையும் குழாயடிதான் எனக்கு மருந்துக் கடை.

அம்மை வீட்டுச் சாப்பாடு எனக்குச் சோதனை. தாளிப்பு கிடையாது, கறி மீன் கிடையாது, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறக் கூடாது. கஞ்சி, மோர், அவித்த மரவள்ளிக்கிழங்கு. பக்கத்து வீட்டில் யாரோ கருவாடு பொரித்தார்கள். அந்த வாசத்தைச் சுவருக்கு மேலாக முகர்ந்துகொண்டே கிழங்கைத் தின்றேன். ராஜி மட்டும் முணுமுணுக்காமல் கஞ்சி குடித்தாள். காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, ஓடினாள். மாலையில் கூடையோடு வந்ததும் மகளுக்கு வேப்பிலையால் வருடிவிட்டாள். உடம்பு இளைத்துத்தான் இருந்தாள். வேலை அப்படி என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை பதுளைக் கச்சேரிக்குப் போகவேண்டும். கச்சேரி என்றால் அங்கே அரசாங்க அலுவலகம். பாட்டை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். ராஜியும் கூட வந்தாள். அவளுக்கும் டவுனில் ஓர் இரத்தப் பரிசோதனை இருக்கிறதாம், இரத்தக் குறைவாம். சித்தியும் அதையே சொன்னார், "சத்து மாத்திரை எழுதித் தருவாங்க" என்று.

பசறைக்கு மேலே ஒரு திருப்பத்தில் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. முன்னாலிருந்து ஆவி கிளம்பியது. கண்டக்டர் பிளாஸ்டிக் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு இறங்கினான். டிரைவர் சிங்களத்தில் யாரையோ திட்டினார். எஞ்சினைத்தான் திட்டுகிறார் என்று ராஜி மொழிபெயர்த்தாள். நாங்கள் இரண்டு பேரும் மற்றவர்களை விட்டுத் தள்ளிப்போய் மதகுக் கட்டையில் உட்கார்ந்தோம். எதிரே நமுனுகுல மலை மேகத்துக்குள் போய்ப் போய் வந்தது.

"அக்கா, நான் போறது இரத்தக் கொறைவுக்கு இல்ல," என்றாள். "எனக்கு எச்ஐவி இருக்கு."

மலையைப் பார்த்துக்கொண்டே, பஸ் வந்துவிட்டது என்பது மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள்.  இந்த மூன்றெழுத்தை ஆயிரம் சோதனைக் குழாயில் ஒட்டியிருக்கிறேன். குழாய்க்கு ஒரு நம்பர் உண்டு, முகம் கிடையாது. இப்போது முகம் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் அம்மாவின் மூக்கோடு, செருப்பால் கல்லைத் தள்ளிக்கொண்டிருந்தது.

புருஷன் கொழும்பில் வேலை பார்த்தவன். சாகக் கிடந்தபோதுதான் ஆஸ்பத்திரியில் தெரிந்திருக்கிறது. லயத்தில் நிமோனியா என்று சொல்லி அடக்கம் செய்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இல்லை, பார்த்தாயிற்று. இவளுக்கு இருக்கிறது என்று கிளினிக்குக்குத் தெரியும், இப்போது எனக்கும் தெரியும். பெற்ற தாய்க்குக்கூடத் தெரியாது. கூரைக்குக் கீழே நடுச்சுவர் அரைகுறையாக நிற்கிற வீட்டில் ஒருத்தி ஆறு வருடம் இதை வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறாள். மாத்திரை டப்பாவில் லேபிளைச் சுரண்டிவிட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறாள். கேட்டவர்களுக்கெல்லாம் சத்து மாத்திரை. வெளியே தெரிந்தால் பிள்ளைகளோடு எந்தப் பிள்ளையும் விளையாடாது, குழாயில் தனக்குத் தண்ணீர் பிடிக்க விடமாட்டார்கள் என்றாள்.

ரிப்போர்ட் எப்படி வருகிறது என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த கேள்வி அதுதான்.

"அஞ்சு வருசமா இல்லன்னுதான்கா வருது."

உடனே எனக்குள் இருந்த லேப் அம்மா எழுந்துவிட்டாள். அப்படியென்றால் கவலையே வேண்டாம், அருமை, ரொம்ப நல்ல ரிசல்ட் என்று அவள் தோளைத் தட்டினேன். ராஜி எதையோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கண்டக்டர் தண்ணீரோடு ஏறி வந்துவிட்டான். நானும் என்ன என்று கேட்கவில்லை.

கிளினிக் ஒரு கட்டடத்தின் பின்பக்கம், பெயர்ப் பலகை கண்ணில் படாதபடி இருந்தது. டாக்டர் ஒரு சிங்களப் பெண், முப்பது வயது இருக்கும். தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துப் பேசினார். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டார். ராஜி ஆமாங்க என்றாள். இரத்தம் எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை வரச் சொன்னார்கள். நானா கடையில் நான் மூன்று ரொட்டியும் மீன் குழம்பும் சாப்பிட்டேன். நான்கு நாள் கிழங்குக்குப் பழி தீர்த்தேன் என்று சொல்லலாம். ராஜி வெறும் தேநீர் மட்டும் குடித்தாள். வீட்டில் ஆத்தா இருக்கும்போது வெளியிலும் கவுச்சி தொடமாட்டாளாம். இவ்வளவு சுத்தமாக இருக்கிறாளே என்று நான் கேலிகூடப் பண்ணினேன்.

கச்சேரியில் அம்மாவின் பெயரைப் பழைய பதிவேட்டில் தேடவேண்டும், அடுத்த வாரம் வாருங்கள் என்றார்கள். எங்கள் ஊர் தாலுகா ஆபீஸ் போலவேதான், மின்விசிறிச் சத்தம் ஒன்றுதான் குறைவு.

வெள்ளிக்கிழமை டாக்டர் காகிதத்தை மேசைமேல் வைத்தார். பழக்க தோஷத்தில் நான் கையை நீட்டி எடுத்துவிட்டேன். ஐந்து வருடமாக 'கண்டறியப்படவில்லை' என்று இருந்த இடத்தில் ஓர் எண் இருந்தது. ஐந்து இலக்கம்.

ஒருமுறை பார்த்தேன். பெயரைப் பார்த்தேன். திரும்ப எண்ணைப் பார்த்தேன். பிறகு வெட்கமில்லாமல் டாக்டரோடு வாக்குவாதத்தில் இறங்கினேன். குழாய் மாறியிருக்கும், மாதிரி கலந்திருக்கும், இருபத்திரண்டு வருடம் இந்த வேலை பார்க்கிறேன், போன ரிப்போர்ட்டுக்குப் பிறகு ஒரு மூன்று மாதத்தில் இப்படி ஏறாது. டாக்டர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மெஷின் சரிதான்கா," என்றாள் ராஜி. "நான் மாத்திரை சாப்புட்டு முப்பத்திரெண்டு நாளாச்சு."

மகனுக்கு அம்மை போட்ட அன்று சித்தி வீட்டிலிருந்த மருந்து அத்தனையையும் பால்பவுடர் வந்த ஒரு பால்மா டின்னில் போட்டு மூடி, கூரைக் கட்டையில் ஏற்றிவிட்டாராம். காய்ச்சல் மாத்திரை, இருமல் டானிக், இவளுடைய டப்பா எல்லாம். இவள் தயங்கியிருக்கிறாள். "சத்து மாத்திரை பத்து நாளு சாப்புடலன்னா செத்தா போயிருவ?" என்று சித்தி கேட்டிருக்கிறார். அதற்கு என்ன பதில் சொல்வது? நோயை மறைக்க அவள் வைத்த பெயர் அவள் கையையே கட்டிப் போட்டுவிட்டது. சத்து மாத்திரைக்காக யாராவது ஆத்தாவோடு மல்லுக்கு நிற்பார்களா? ஐந்து வருடமாக இல்லை இல்லை என்றே வருகிறதே, பத்து நாள்தானே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருக்கிறாள். பத்து நாள் பதினைந்தாகி, ஆத்தா இறங்குமுன் மகளுக்கும் வந்துவிட்டது.

என்னிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"நீங்க வந்தா கேட்டுக்கலாம்னுதான் இருந்தேன். வந்த அன்னிக்கு அம்மா மாத்திரை கூடாதுன்னதும் நீங்க சரின்னு தலையாட்டினீங்க. லேபுல வேல பாக்குற அக்காவே, பிரஷர் மாத்திரை சாப்புடுறேன்னு போன்ல சொன்னவங்களே விட்டுட்டாங்க, அப்ப ஒன்னும் ஆகாது போலன்னு நெனைச்சேன்."

  நான் விடவில்லை, ஒரு வேளைகூட விடவில்லை, இன்று காலைவரை குழாயடியில் ஒளிந்து முழுங்கிக்கொண்டுதான் இருக்கிறேன் என்று சொன்னேன். அதைச் சொல்வதற்குள் நாக்கு இரண்டு முறை புரண்டது.

ராஜி என்னைத் திட்டவில்லை. 

"என்னையும் கூப்புட்டிருக்கலாமே அக்கா," என்றாள்.

இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. சித்திக்கு நல்ல பிள்ளையாக இருக்கவேண்டும், என் பிரஷரும் ஏறக்கூடாது, இரண்டும் எனக்கு வேண்டியிருந்தது. இரண்டும் கிடைத்தது. விலையை அவள் உடம்பு கொடுத்திருக்கிறது.

ராஜி டாக்டரிடம் திரும்பி ஒரே கேள்விதான் கேட்டாள். ஐந்து வருடம் இல்லை இல்லை என்று சொன்னீர்களே, இல்லாதது எங்கேயிருந்து வந்தது?

டாக்டர் மெதுவாகச் சொன்னார். சொல் கிடைக்காத இடத்தில் சிங்களத்தில் சொன்னார், ராஜி எனக்கு மாற்றிச் சொன்னாள். இந்த வைரஸ் இரத்த அணுவுக்குள் போய்ச் சும்மா உட்காருவதில்லை. அந்த அணுவின் மரபுச் சரட்டை வெட்டி, நடுவில் தன்னைத் தைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு அது வெளியாள் இல்லை, அந்த அணுவிலேயே ஒரு பகுதி. மாத்திரை செய்வதெல்லாம் வைரஸ் பெருகுகிற வழியை அடைப்பதுதான். பெருக முடியாதபோது இரத்தத்தில் அதன் எண்ணிக்கை விழுந்து விழுந்து, இயந்திரத்தின் பார்வைக்குக் கீழே போய்விடுகிறது. ஆனால் சில அணுக்கள் வைரஸை உள்ளே வைத்துக்கொண்டே தூங்கிவிடுகின்றன. அதுவும் எப்படிப்பட்ட அணுக்கள்? ஒருமுறை வந்த நோயை ஞாபகம் வைத்துக்கொள்வதற்காக உடம்பு வருடக்கணக்கில் காப்பாற்றி வைக்கிற அணுக்கள். நிணநீர்க் கட்டிகளில், குடல் சுவரில், எங்கெங்கோ கிடக்கின்றன. தூங்குகிற அணு எதையும் தயாரிப்பதில்லை, அதனால் மாத்திரைக்கு அங்கே அடைப்பதற்கு ஒன்றுமில்லை. உடம்பின் காவல் அணுக்கள் பக்கத்திலேயே போனாலும் நல்ல அணு என்று விட்டுவிடும். அது இரண்டாகப் பிரிந்தால் உள்ளே இருக்கிற வைரஸின் பிரதியும் இரண்டாகிறது.

"அப்ப கவாத்து மலை மாதிரி," என்றாள் ராஜி.

டாக்டருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. அவள் விளக்கினாள். தேயிலைச் செடியைச் சில வருடத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள், அதுதான் கவாத்து. மலை முழுக்கக் குச்சி குச்சியாக நிற்கும், ஒரு பச்சை இருக்காது. தெரியாதவர்கள் செத்த காடு என்பார்கள். ஆனால் வேர் உள்ளே இருக்கிறது. சில மாதத்தில் கொழுந்து வந்து நிற்கும்.

டாக்டர் யோசித்துவிட்டு, கிட்டத்தட்ட அதுதான், ஆனால் கவாத்து மலையில் குச்சியாவது கண்ணுக்குத் தெரிகிறதே என்றார். இங்கே ஒரு பெரிய பச்சை மலை. அதில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடியில்தான் நோய். எந்தச் செடி என்று யாருக்கும் தெரியாது. நோயுள்ளதைப் பிடுங்க வேண்டுமென்றால் மலையையே பிடுங்க வேண்டும். உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்கு அப்படித்தான் குணமாகியிருக்கிறது. இரத்தப் புற்றுநோய்க்காக எலும்பு மஜ்ஜையையே மாற்றியவர்கள் அவர்களில் பலர். மாற்றும்போதே உயிர் போகலாம், எல்லோருக்கும் அதைச் செய்யமுடியாது. தூங்குகிறவற்றை எழுப்பிவிட்டுக் கொல்ல ஆராய்ச்சிக்காரர்கள் பார்க்கிறார்கள், எழவே விடாமல் பூட்டப் பார்க்கிறார்கள். இன்னும் கைகூடவில்லை.

எந்த அணு எந்த நாளில் விழிக்கும் என்று தெரியாது. மாத்திரை உடம்பில் இருக்கிற நாளில் விழித்தால் அதனால் பரவ முடியாது. இல்லாத நாளில் விழித்தால் சில வாரம் போதும். அதற்காகத்தான் தினமும்.

 இதில் எதுவும் எனக்குத் தெரியாதது இல்லை. பாடத்தில் படித்தேன், பரீட்சை எழுதினேன். 'கண்டறியப்படவில்லை' என்றால் என் இயந்திரத்தின் கண்ணுக்கு எட்டவில்லை என்றுதான் அர்த்தம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மதகுக் கட்டையில் கவலையே வேண்டாம் என்று தோளைத் தட்டியவள் நான்தான். இத்தனை வருடத்தில் எத்தனை காகிதத்தை அந்தச் சொல்லோடு ஜன்னல் வழியாக நீட்டியிருப்பேன், எத்தனை பேர் அதை வாங்கிக்கொண்டு போய் வீட்டில் டப்பாவைக் கூரையில் ஏற்றியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன்.

டாக்டர் ராஜியைக் கடிந்துகொள்ளவில்லை. இன்றைக்கே தொடங்கு, அதே மாத்திரை, அதே நேரம் என்றார். பெரும்பாலும் திரும்ப அடங்கிவிடும், சில வாரம் கழித்து இரத்தம் பார்ப்போம். ஆனால் விட்டு விட்டுச் சாப்பிட்டால் வைரஸ் மருந்துக்குப் பழகிவிடக்கூடும், அப்புறம் இந்த மருந்து கேட்காமல் போகலாம். இன்றைக்கே என்பதை மட்டும் மூன்று முறை சொன்னார்.

இன்றைக்கே என்றால் எப்படி? வீட்டில் மகளுக்கு மூன்றாவது தண்ணீர் ஊற்ற இன்னும் நான்கு நாள் இருந்தது. வழியெல்லாம் ராஜி யோசித்தாள். நானும் நீங்களும் குழாயடிக்குப் போய்விடலாம் என்றாள். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் போன பிறகு, அடுத்த தடவை பக்கத்து லயத்தில் யாருக்காவது அம்மை வந்து, அப்புறம் இங்கே வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அன்றைக்கு பஸ் எங்கேயும் நிற்காமல் ஓடியது. நிற்கக்கூடாதா என்று இருந்தது எனக்கு.

மாலை ஆறு மணி, ராஜியின் மாத்திரை நேரம். சித்தி மலையிலிருந்து வந்து சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். சின்னவள் வெள்ளைத் துணியில் படுத்திருந்தாள். மகன் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். நான் பையைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்தேன். அட்டையைப் பிய்க்கிற சத்தம் அந்தச் சின்ன காம்பராவில் பெரிதாகக் கேட்டது.

"சித்தி, எனக்குப் பிரஷர்," என்றேன். "வந்ததுலேர்ந்து பைப்படியில ஒளிஞ்சு முழுங்கிட்டிருந்தேன். இனிமே ஒளியமாட்டேன். ஆத்தாவுக்குக் கோவம் வந்தா என்மேல வரட்டும்."

முழுங்கினேன். பாதித் தண்ணீர் என் சேலையில்.  சுவருக்கு அந்தப் பக்கம் வானொலியைக்கூட யாரோ குறைத்தது போலிருந்தது. ராஜி முக்காலியைப் போட்டு ஏறி, கூரைக் கட்டையிலிருந்து பால்மா டின்னை இறக்கினாள். மூடியைத் திறக்க முடியாமல் திணறினாள்.  திறந்தாள். தன் டப்பாவை எடுத்து ஒரு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "எனக்கும் இது விடக்கூடாதாம்மா, டாக்டர் சொல்லிட்டாங்க," என்றாள். என் கிளாஸை வாங்கி வாயில் வைத்தாள்.

சித்தி வேப்பிலையைப் பார்த்தார், படுத்திருந்த பேத்தியைப் பார்த்தார். இப்போது வெடிக்கப்போகிறது என்று நான் சேலை முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டேன்.

"தண்ணி பூராத்தையும் குடிச்சிறாதடி," என்றார். "அந்த டின்னுக்கு அடியில என் சீனி வியாதி மாத்திரையும் கெடக்கு. டிஸ்பென்சரியில குடுத்தது. அதையும் எடு, ஒரு மாசமாச்சு."

வந்த நாளிலிருந்து அட்டைக்கடி என்று நான் நம்பிக்கொண்டிருந்த அந்தக் கால்விரலை அப்போதுதான் பார்த்தேன்.